அந்தப் பந்தை அவனிடம் கொடுத்தது யார்?

நேற்று இரவிலிருந்து என் கண்ணில் படுவதெல்லாம் ஒரே வீடியோதான்: கால்பந்து ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் தன் காலுக்கு வந்த பந்தில் பிழை செய்து கோல் விட்டது. 11 விநாடி. எந்த ஆட்டம், எந்த கோல் என்று நான் விளக்க வேண்டியதில்லை; ஆளுக்கொரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்து நீங்களே சுற்றுக்கு விட்டிருக்கிறீர்கள். அந்த கோல்கீப்பரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதை வேண்டிய மட்டும் தெருவில் இழுத்தாகிவிட்டது.

நான் ஆட்டத்தை முதல் நிமிடத்திலிருந்து பார்த்தவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பந்தை அவனிடம் கொடுத்தது யார்?

எதிரணியினர் இருவர் பாய்ந்து வருகிறார்கள். முன்னால் ஆட இடமிருக்கிறது. அப்படியிருந்தும் திரும்பி, கோல்கீப்பரின் இடது காலுக்குப் பந்தைத் தள்ளிவிட்டு நின்றவர் அனுபவமுள்ள ஒரு தடுப்பாட்டக்காரர். அவர் அந்த வீடியோவில் இல்லை. அவர் உதைத்து முடித்த பிறகுதான் வீடியோ தொடங்குகிறது. அப்படி வெட்டியிருக்கிறார்கள். இடைவேளைக்கு முன் அவன் பாய்ந்து விரல் நுனியால் கம்பத்துக்கு வெளியே தள்ளிய பந்தும் அதில் இல்லை.

"தூக்கி அடித்திருக்கலாமே" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அடித்திருக்கலாம். ஆனால் அந்த அணி எப்படி ஆடுகிறது என்று இந்தப் பருவம் முழுக்கப் பார்த்தவர்கள்தானே நீங்கள்? பின்னாலிருந்து குட்டையாகக் கடத்தி ஆடு என்பது பயிற்சியாளரின் கட்டளை. சகவீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தை கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அன்றோடு இந்தத் தொழிலே மாறிவிட்டது. இன்று கோல்கீப்பரை விலைக்கு வாங்குகிறவர்கள் கையைப் போலவே காலையும் பார்க்கிறார்கள். மூன்று முறை தூக்கி அடித்தால் அடுத்த வாரம் அவன் பெஞ்சில் இருப்பான். சொன்னபடி செய்தான், ஒரு தொடுதல் கூடுதலாக எடுத்துவிட்டான். அது அவன் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் தவறு மட்டும்தானா?

இவ்வளவு ஏன் கொதிக்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கல்லூரி அணிக்கு நான் மூன்று ஆண்டுகள் கோல்கீப்பர். கடைசி ஆண்டு இறுதிப்போட்டி. மழை பெய்து நின்றிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஒரு சாதாரணமான பந்து, வேகமே இல்லாதது, எனக்கு முன்னால் விழுந்து, நனைந்த தரையில் வழுக்கி, கைக்கும் முழங்காலுக்கும் நடுவே போய்விட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். எங்கள் முன்கள வீரன் அன்று மூன்று நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டான். அதில் ஒன்று ஆளில்லாத கோல். திரும்பும்போது பஸ்ஸில் எல்லோரும் அவனோடுதான் பேசிக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மறுநாள் வகுப்பில் எனக்கு 'ஓட்டை' என்று பெயர். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நான் தடுத்தது எதற்கும் யாரும் பெயர் வைக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில், என் மகள் பக்கத்தில் நிற்கும்போது, பழைய நண்பன் ஒருவன் தோளைத் தட்டி "என்ன ஓட்டை, எப்படி இருக்கிறாய்?" என்றான். அவன் அன்பாகத்தான் கேட்டான். நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில் மகள், "ஏன் அப்பா அந்த மாமா அப்படிக் கூப்பிட்டார்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊர் பேர் தெரியாத எனக்கே இப்படியென்றால், பிரேசிலின் கோல்கீப்பர் பார்போசாவை நினைத்துப் பாருங்கள். 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம். உலகக் கோப்பையை வெல்ல, சொந்த மண்ணில் ஆடிய பிரேசிலுக்கு ஒரு சமநிலை போதும். உருகுவேயின் கிக்ஜா வலப்பக்கமாக ஓடிவந்து நடுவே கொடுத்த பந்தில்தான் அவர்களுடைய முதல் கோல் விழுந்திருந்தது. 79ஆவது நிமிடத்தில் மறுபடி அதே பக்கம், அதே ஓட்டம். இந்த முறையும் நடுவேதான் கொடுப்பார் என்று கணித்து பார்போசா சற்றே நகர்ந்தார். கிக்ஜா அருகிலிருந்த கம்பத்தை ஒட்டி அடித்துவிட்டார். எந்த கோல்கீப்பரும் செய்யக்கூடிய கணிப்பு அது. தங்கள் நாட்டில் அதிகபட்ச தண்டனை 30 ஆண்டுதான், தான் 50 ஆண்டாக அனுபவிப்பதாக அந்த மனிதர் வேதனைப்பட்டார். 2000இல் இறந்தார். சொந்த மைதானத்தில் இரண்டாவது கோல் அடிக்க முடியாத முன்கள வீரர்களுக்கு யார் தண்டனை கொடுத்தார்கள்?

"முன்கள வீரர்களும் திட்டு வாங்குகிறார்கள், பாஜியோவைப் பார்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பார்த்தேன், தம்பி. 1994 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் இத்தாலியின் பாஜியோ பெனால்டியை கோலுக்கு மேலே அடித்தார். ஆனால் அதற்கு முந்தைய மூன்று நாக்அவுட் ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்து இத்தாலியை அங்கே கொண்டுவந்தவரும் அவர்தான் என்பதை எவரும் மறக்கவில்லை. அவர் தலைகுனிந்து நிற்கும் படத்தைப் பார்த்து உலகம் இரக்கப்பட்டது. கோல்கீப்பரின் படத்தைப் பார்த்து யார் இரக்கப்பட்டார்கள்? 2002 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான் இறுதிப்போட்டிக்கு முன் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் விட்டார். தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்தும் அவருக்குத்தான். இருந்தும் இன்றுவரை முதலில் காட்டுவது, இறுதிப்போட்டியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து அவர் கையிலிருந்து நழுவி ரொனால்டோவின் காலுக்குப் போனதைத்தான்.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறார்கள், நாலு வார்த்தை கேட்டால் என்ன என்கிறார்கள். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சம்பளம் ஆடுவதற்கு. அவமானத்துக்கு விலை பேசி யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. அதோடு, கோடி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஓர் அணியில் மூன்று கோல்கீப்பர்கள் இருந்தால் ஆடுகிறவர் ஒருவர். மற்ற இருவரும் வாரம் முழுக்க அதே சேற்றில் அதே அளவு விழுந்து எழுந்துவிட்டு, ஆட்ட நாளில் குளிர்சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்கள வீரருக்குக் கடைசிப் பத்து நிமிடமாவது கிடைக்கும். இரண்டாவது கோல்கீப்பருக்கு முதலாமவர் காயப்பட வேண்டும்.

அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் 2010இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்கு வந்தவர். பத்து ஆண்டுகளில் ஆறு அணிகளுக்குக் கடனாக அனுப்பினார்கள். 2020இல் அங்கே முதல் கோல்கீப்பராக இருந்த லெனோ காயமடைந்த பிறகுதான் தொடர்ந்து ஆடும் இடம் கிடைத்தது. 2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்ததை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அந்தக் கால் எத்தனை ஆண்டு பெஞ்சில் காத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லோருக்கும் அப்படி விடிவதில்லை. 2018இல், ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் லிவர்பூலின் கோல்கீப்பர் கரியஸ் செய்த இரண்டு பிழைகளைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது இன்னும் உறுத்துகிறது. சில நாள் கழித்து, அந்த ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்ததாகப் பரிசோதித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்கும் சிரித்தார்கள், சாக்கு என்றார்கள். லிவர்பூலுக்காக அவர் மறுபடி ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. அவருக்கு அப்போது வயது 24.

ராபர்ட் என்கே 2009 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 32 வயது, ஜெர்மனியின் கோல்கீப்பர். மனச்சோர்வை வெளியே தெரியாமல் மறைத்துக்கொண்டே ஆடியவர். அது நோய், கேலிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு களத்தில் நிற்கிறவனுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

நேற்று அந்த கோலுக்குப் பிறகு நடந்ததையும் வெட்டிவிட்டார்கள். பந்து வலைக்குள் கிடந்தது. அவனே குனிந்து எடுத்தான். பந்தைக் கொடுத்த அந்தத் தடுப்பாட்டக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்களத்துக்கு நடந்துபோனார். யாரும் அவன் பக்கம் வரவில்லை.

வீடியோவைப் பகிர்ந்த என் நண்பர்கள் ஐந்து பேர். ஒருவர் காலையில் நீக்கிவிட்டார், அவருக்கு நன்றி. மற்ற நால்வரும் இன்னும் வைத்திருக்கிறீர்கள். இன்று இரவுக்குள் நீக்குங்கள்.