சுகர்காரர் வீட்டுக் காலை டிபன்

வீட்டில் ஒருவருக்கு சுகர் என்று தெரிந்துவிட்டால் போதும், இரண்டு வகை ஆலோசகர்கள் தேடி வந்துவிடுவார்கள். ஒருவர், "இட்லி பக்கமே போகாதே, ஓட்ஸ் குடி" என்பார். இன்னொருவர், "நம்ம பாட்டன் குடிச்ச கேழ்வரகு கூழைக் குடி, மாத்திரையே தேவைப்படாது" என்பார். எனக்கு இரண்டாமவர் மேல்தான் கோபம் அதிகம். ஓட்ஸ்காரர் வாய் ருசியைத்தான் கெடுக்கிறார். இவர் மாத்திரையிலேயே கை வைக்கிறார்.

எங்கள் வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் தள்ளுவண்டியில் கூழ் விற்கும் அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள், எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று. முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க விடுவார்கள். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் அந்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி இறக்குவார்கள். நொய் போடாவிட்டால் கூழுக்கு அந்தப் பதம் வராது. ஆக, கேழ்வரகு என்று நம்பிக் குடிக்கும் சொம்பில் அரிசியும் இருக்கிறது. கேழ்வரகிலேயும் மாவுச்சத்து ஒன்றும் குறைவில்லை. 100 கிராமில் சுமார் 70 கிராம் அதுதான், அரிசியில் 78. சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து எல்லாம் கேழ்வரகில் அதிகம் என்பது உண்மை, அதை யார் இல்லை என்றார்கள்? ஆனால் மைய அரைத்து, குழைய வேகவைத்து, மோர் விட்டுக் கரைத்து மடமடவென்று குடித்தால், செரிக்க வயிற்றுக்கு என்ன வேலை மிச்சம்? அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டினால் மென்று தின்ன வேண்டும், சுகர் கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழை நானும் வேண்டாம் என்பதில்லை. அரைச் சொம்போடு நிறுத்திக்கொள்வேன், மருந்து என்று நினைத்துக் குடிப்பதில்லை.

பாட்டன் கதைக்கு வருவோம். எங்கள் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். பக்கத்து வீட்டுத் தாத்தா பின்னி மில்லில் ஷிப்ட் பார்த்தவர், பெரம்பூருக்கு நடந்தே போய் நடந்தே வருவார். காலையில் குடித்த கூழ் பத்து மணிக்கெல்லாம் கரைந்திருக்கும். பேரன் அதே சொம்பைக் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய் ஏசியில் உட்கார்ந்துகொள்கிறான். பாட்டன் சாப்பாடு வேண்டும், பாட்டன் வேலை மட்டும் வேண்டாமா?

காலை நேரத்துக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கார்டிசோல் மாதிரி சில ஹார்மோன்கள் கூடும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும், இன்சுலின் அந்த நேரத்தில் சரியாக எடுபடாது. ராத்திரி ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தேன், காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் ஃபாஸ்டிங் சுகர் எப்படி ஏறியது என்று பலர் குழம்புவது இதனால்தான். சரியாக அந்த நேரம் பார்த்து நாம் இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம் என்று அத்தனையும் மாவாகவே உள்ளே தள்ளுகிறோம். தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி தக்காளி சட்னி. டிபனுக்கு முன்னாலேயே டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயும் பொறையும் போயிருக்கும். அது யார் கணக்கிலும் வராது.

அதற்காக இட்லியை விட முடியுமா? எங்கள் வீட்டில் விடவில்லை. எனக்கும் சுகர், மாமியாருக்கும் சுகர். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனுக்கு என்ன பஞ்சம்? வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, நெத்திலி, காரப்பொடி போதும். முதல் நாள் மீன் குழம்பு காலையில் இன்னும் நன்றாக இருக்கும். முதலில் மீனும் ஏதாவது ஒரு பொரியலும், அப்புறம் இரண்டு இட்லி. புரதமும் காயும் முன்னால் போனால் பின்னால் போகும் மாவு ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். மீன் இல்லாத நாளில் முட்டையோ சுண்டலோ. மாமியாருக்கு மட்டும் இதில் தீராத மனக்குறை. "ஏம்மா, மீனை அள்ளி வைக்கிறே, இட்லிய மட்டும் எண்ணி வைக்கிறியே" என்பார். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்தி சுகர் பார்த்தால் மீன் குழம்பு நாளில் 170 பக்கம் நிற்கும். நாலு இட்லியும் சட்னியும் என்றால் 230-ஐத் தாண்டும். 180-க்குள் இருந்தால் பரவாயில்லை என்பது பொதுவான கணக்கு. அவரவருக்கு எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பழைய சோற்றுக் கதையும் கூழ் மாதிரித்தான். சோறு ஆறிக் குளிரும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறுகிறது, உண்மைதான். ஆனால் அது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சோறுதான். நீராகாரத்தைக் குடியுங்கள், சோற்றை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். கருவாடு தொட்டுக்கொண்டால் பிபி உள்ளவர்கள் உப்பையும் யோசிக்க வேண்டும். சாப்பிட்டதும் ஒரு கால் மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வந்தால் ரீடிங்கில் வித்தியாசம் தெரியும்.

சர்க்கரை நோய்க்கென்றே பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் ஒரு மருத்துவமனை தொடங்கியது நம்ம ராயபுரத்தில்தான். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2021-இலிருந்து அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்ஸப்பில் வந்த கூழ் வைத்தியத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டு, விரதம் என்றோ வேலை அவசரம் என்றோ டிபனைத் தவறவிட்டால் சுகர் 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். டிபனை மாற்றி நன்றாக ரீடிங் இறங்கிவிட்டதா? ரீடிங் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், டோசை அவர் குறைக்கட்டும். நீங்களே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள்.