மறுநாள் காலையில் குதிரை எப்படி இருக்கிறது?

எண்டூரன்ஸ் குதிரைப் போட்டியைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், "இது வதை, தடை பண்ணணும்" என்று ஒரு கூட்டம் வரும், "குதிரை ஓடத்தானே பிறந்தது" என்று இன்னொன்று வரும். நான் இரண்டிலும் இல்லை. அபுதாபியில் இருந்தபோது, குதிரை லாயத்தில் வேலை பார்த்த நம்ம ஊர்த் தம்பி ஒருவன் தயவில் இரண்டு மூன்று போட்டிகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி.

தெரியாதவர்களுக்கு: ஒரே நாளில் 160 கிலோமீட்டர் வரை போகும் போட்டி. சுற்றுச் சுற்றாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் மிருக வைத்தியர் பரிசோதனை வைத்திருப்பார்கள். இடைச் சுற்றுகளில் 15 நிமிடத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு 64க்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். துடிப்பு இறங்கி வைத்தியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்வரை கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆக குதிரையை விரட்டிச் சம்பாதித்த நேரம் அது மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் கரைந்துவிடும். சொல்லப்போனால் அருமையான விதி.

நேரில் பார்த்தது வேறு. குதிரை வந்து நின்றதுமே ஏழெட்டு பேர் பாய்கிறார்கள். சேணத்தை உருவ ஒருத்தர், கழுத்திலும் தொடையிலும் ஐஸ் தண்ணீரைக் கொட்ட நாலு பேர், ஸ்டெதஸ்கோப்போடு ஒருத்தர். கொஞ்ச நேரத்தில் துடிப்பு 60. தம்பி அதன் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுக் காட்டினான். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்று, மெதுவாக, ரொம்ப மெதுவாகப் படிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தமாம். "துடிப்பு பாஸ் ஆயிடுச்சு அண்ணே, குதிரை பாஸ் ஆகல" என்றான். வைத்தியர் தோலையும் ஈறையும் பார்க்கத்தான் செய்தார், குறித்துக்கொண்டு அனுப்பியும் விட்டார். அடுத்த சுற்றில் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

இது ஏதோ ஒரு குதிரையின் கெட்ட நேரம் இல்லை. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு குதிரைகள் படும் பாட்டைக் காரணம் காட்டி 2015 மார்ச்சில் அமீரகத்தையே இடைநீக்கம் செய்தது, ஜூலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்த மார்ச்சுக்குக் கொஞ்சம் முன், ஜனவரியில்தான், அபுதாபியின் அல் வத்பாவில் ஸ்பிளிட்டர்ஸ் கிரீக் பண்டி என்ற குதிரைக்கு முன்னங்கால் இரண்டும் ஓட்டத்திலேயே முறிந்தன. அந்தப் படத்தைத் தேடிப் பார்க்காதீர்கள். வளைகுடாவில் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம், 2018 உலகப் போட்டி அமெரிக்காவின் டிரையனில் நடந்தபோது வெக்கையும் புழுக்கமும் தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள், அப்புறமும் சிகிச்சையில் இருந்த ஒரு குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது.

என் கட்சி இதுதான்: அபராதமும் தடையும் இருக்கட்டும், பரிசை எதற்குக் கொடுக்கிறோம் என்று முதலில் பாருங்கள். வளைகுடாவில் இருப்பதுபோல் சமதரையான மணல், குதிரைக்குக் கூடவே பறக்கும் கார்கள், முதலில் வருபவருக்குப் பெரிய பரிசு என்றால் எவன் கடிவாளத்தை இழுப்பான்? கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கப்பில் 100 மைலும் மலைப்பாதை, 24 மணி நேரம் அவகாசம், அதிலும் கிட்டத்தட்ட பாதிப் பேர் முடிப்பதில்லை. அங்கேயும் குதிரைகள் செத்திருக்கின்றன, புனிதமெல்லாம் கிடையாது. ஆனால் முதல் பத்தில் வந்த குதிரைகளில் நல்ல நிலையில் இருப்பதற்கு ஹேகின் கப் என்று தனிக்கோப்பை உண்டு, அதை மறுநாள் காலையில்தான் பார்த்து முடிவு செய்கிறார்கள். முதலிடத்தைவிட அதையே பெரிதாக நினைக்கிறவர்கள் உண்டு.

அமீரகத்திலேயே பூதிப் என்ற இடத்தில், மறைந்த ஷேக் சுல்தான் பின் சாயித், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, 10 நிமிடத்தில் துடிப்பு 56க்கு வர வேண்டும் என்று தனி விதி போட்டார். "அப்புறம் என்ன போட்டி, ஊர்வலமா?" என்று கேட்பார்கள். ஏன், குதிரையை அளந்து ஓட்டுவது திறமை இல்லையா?

டெவிஸ் மாதிரி இங்கேயும் மறுநாள் காலையில் லாயத்துக்கு வந்து பார்த்துப் பரிசு கொடுத்தால் என்ன என்று தம்பியிடம் கேட்டேன். வாளியைக் கழுவிக்கொண்டே சிரித்தான். "மறுநாள் காலைல இங்க யாரு வர்றா அண்ணே? நாங்கதான் இருப்போம்."