பேஸுக்கும் ஒரு ஆம்ப் வேணும்

"நாலு கம்பிதானே, அந்தக் கிட்டார் ஆம்ப்லயே சொருகிக்கோ." எங்க பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிற என்கிட்ட இந்த வாரமும் அதே பேச்சு. ஆம்ப்னா சத்தத்தைப் பெருக்கிக் குடுக்கிற ஸ்பீக்கர் பெட்டி. எத்தனை தடவைதான் சொல்றது? பேஸோட அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ்ல அதிரும், கிட்டாரோடது 82. கிட்டார் ஆம்ப்போட சின்ன ஸ்பீக்கர் இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தாங்குமா? நேத்து பிராக்டிஸ்ல ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கோன் படபடன்னு துடிச்சு, காகிதம் கிழியற மாதிரி கரகரத்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சரின்னு வீட்டுலேருந்து என் 15 வாட் ஆம்ப்பைத் தூக்கிட்டுப் போனா, டிரம்மர் முதல் அடி அடிச்சதுமே என் சத்தம் காணாமப் போச்சு. கிட்டாருக்கு சத்தத்தை விதவிதமா மாத்துற பெடல் ஆறு வாங்கக் காசு இருக்கு. பேஸுக்கு உருப்படியா ஒரு 200 வாட் ஆம்ப் வாங்க மட்டும் யாருக்கும் மனசு வராது. கச்சேரி முடிஞ்சதும் "பாட்டுல கனமே இல்லையே"ன்னு என்கிட்டயே கேக்குறாங்க. எங்கேருந்துங்க வரும் கனம்?