முன்னே ஓடும் நண்பன்

காடு மலைகளில் வழி கண்டுபிடித்து அணியாகச் செல்லும் சாகசப் பந்தயத்தில் கடைசியாக வந்து சேரும் உறுப்பினரைக் கொண்டே அணியின் நேரம் கணக்கிடப்படுகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், மலையேற்றம் தொடங்கியதுமே வரைபடத்தையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு முன்னே பாய்ந்துவிடும் நண்பனை என்னவென்று சொல்வது? 1989இல் நியூசிலாந்தில் நடந்த முதல் ‘ரெய்ட் கோலுவாஸ்’ என்ற சாகசப் பந்தயத்திலிருந்தே, அணி சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை. ஜிபிஎஸ் கருவிக்குப் பொதுவாக அனுமதி இல்லாததால், வரைபடம் முன்னால் போய்விட்டால் பின்னால் வருபவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட நிலைதான்.

அடுத்த செக்பாயிண்டில் அவன் காலணியில் புகுந்த மணலைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடித்து, காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த நொடியே, “சரி, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவான். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்கு அது கிடைப்பதே இல்லை. வலுவுள்ளவர் தம் இடுப்பில் எலாஸ்டிக் கயிற்றைக் கட்டித் தளர்ந்தவரை இழுத்துச் செல்வது தேர்ந்த அணிகளில் சர்வசாதாரணம். என் பையின் சுமையில் பாதியையாவது அவன் வாங்கிக்கொள்ளலாம். கேட்டால், வேகம் குறைந்துவிடும் என்கிறான். யாருடைய வேகம்? அவன் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அணியின் கணக்கில்தானே ஏறுகிறது!