41 வயதில் முனைவர் பட்டம்

கணிதம் இளம் வயதுக்காரர்களின் துறை, முப்பதுக்குள் பெரிதாக எதையும் செய்யவில்லை என்றால் அவ்வளவுதான் என்று யாராவது சொல்லும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அவர்களிடம் நான் சொல்லும் பெயர் ஜோன் பிர்மன், அமெரிக்கக் கணிதவியலாளர்.

1927-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1948-ல் பார்னர்ட் கல்லூரியில் பட்டம், அப்புறம் கொலம்பியாவில் இயற்பியல் முதுகலை, விமானத் துறை சார்ந்த நிறுவனங்களில் வேலை, கல்யாணம், மூன்று பிள்ளைகள். 1961-ல் மறுபடி படிக்க வந்து, 1968-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் மாக்னஸிடம் முனைவர் பட்டம் வாங்கும்போது வயது 41. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கான வயது வரம்பே 40!

அவர் எடுத்துக்கொண்டது டோபாலஜியில், அதாவது வளைத்தாலும் இழுத்தாலும் மாறாத வடிவப் பண்புகளைப் படிக்கும் துறையில், பின்னல் குலங்கள். மூன்று கால் சடை பின்னும்போது எந்தக் கால் எதன் மேல் போகிறது, ஒரு பின்னலுக்குக் கீழே இன்னொன்றைத் தொடர்ந்தால் என்ன வரும், எது தானாக அவிழ்ந்துவிடும் என்பதையெல்லாம் இயற்கணிதமாகவே எழுதிவிடலாம் என்று 1920களில் எமில் ஆர்ட்டின் காட்டியிருந்தார். ஒரு பரப்பைக் கிழிக்காமல் ஒட்டாமல் தன்மேலேயே உருமாற்றும் வழிகளோடு இந்தப் பின்னல்களுக்கு இருக்கும் உறவைத்தான் பிர்மன் தன் ஆய்வேட்டில் பிடித்தார். இன்றைக்கும் அந்தத் துறைக்குள் நுழையும் எந்த மாணவரும் அந்த உறவைச் சொல்லும் 'பிர்மன் எக்ஸாக்ட் சீக்வென்ஸ்' என்பதைத் தாண்டிப் போக முடியாது. பிரின்ஸ்டனில் அவர் நடத்திய விரிவுரைகள் 1974-ல் புத்தகமாகி, ஒரு தலைமுறைக்கே பாடநூலானது.

எனக்கு மிகவும் பிடித்தது 1984-ல் நடந்தது. வான் ஜோன்ஸ் என்ற கணிதவியலாளர் முற்றிலும் வேறு துறைக்காரர்; அவருடையது வான் நாய்மன் இயற்கணிதம் என்ற, பின்னலோடு தொடர்பே இல்லாததுபோல் தெரிந்த ஒரு பிரிவு. தன் சமன்பாடுகள் பின்னல் குலத்தின் விதிகளைப் போலவே இருப்பதைப் பார்த்து, கொலம்பியாவுக்கு வந்து பிர்மனிடம் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பின் சில நாட்களிலேயே பிறந்ததுதான் முடிச்சுகளை வேறுபடுத்திக் காட்ட உதவும் ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவை. (ஒரு பின்னலின் மேல், கீழ் முனைகளை இணைத்தால் முடிச்சு கிடைக்கும்.) ஒரு முடிச்சையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் 1928-லிருந்து இருந்த அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவையால் பிரித்துச் சொல்லவே முடியாது. ஜோன்ஸுடையது பல முடிச்சுகளில் பிரித்துச் சொன்னது. 1990-ல் கியோட்டோவில் ஜோன்ஸுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கொடுத்தபோது அவருடைய பணியை அரங்கில் விளக்கியவரும் பிர்மன்தான்.

யோசித்துப் பாருங்கள், 1961-ல் விண்ணப்பம் கொடுத்த அந்தப் பெண்ணை 'இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்' என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால்? இந்தக் கேள்வி இன்றும் நேர்காணல்களில் கேட்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் பெண்களிடம். விண்ணப்பத்தில் வயதைப் பார்ப்பதற்கு முன் ஆய்வுத் திட்டத்தைப் படியுங்கள் என்பதுதான் தேர்வுக் குழுக்களில் உட்காருபவர்களிடம் நான் கேட்பது. பிர்மன் தம்பதியர் பெயரில் அமெரிக்கக் கணிதச் சங்கம் இப்போது தரும் ஆய்வு உதவித்தொகை, ஆய்வு வாழ்க்கையின் நடுக்கட்டத்தில் இருக்கும் பெண்களுக்கானது. அப்படி இன்னும் பல வேண்டும்.