டயாசிபாம் தசையை நேரடியாகத் தளர்த்துகிறதா?

டயாசிபாம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தைக் கொடுத்த சுண்டெலி, சோதனையில் சுழலும் தண்டிலிருந்து சீக்கிரம் விழுவதால், அம்மருந்து எலும்புத்தசையையே நேரடியாகத் தளர்த்துகிறது என்று ஒரு நண்பர் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பி.ஃபார்ம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதை நம்பி எழுதிவிடக் கூடாது என்பதால், பணிவுடன் ஒரு திருத்தம். அந்தச் சோதனை காட்டுவது உடற்சமநிலையையும் அசைவு ஒருங்கிணைப்பையும்தான். தூக்கக் கலக்கத்தாலும் சுண்டெலி விழும். வழக்கமான அளவில் டயாசிபாம் செயல்படுவது மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள காபா-ஏ ஏற்பிகளில் (நரம்புச் செயலை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் இணையும் இடங்களில்).

தசையிலேயே நடப்பதை அறிய, 1946-இல் மருந்தியலாளர் எடித் பூல்பிரிங் விவரித்த முறை உண்டு. எலியின் உதரவிதானத்தை நரம்போடு வெட்டியெடுத்து, ஆக்சிஜன் செலுத்திய உப்புக்கரைசலில் பொருத்தி, நரம்பைத் தூண்டும்போதும் தசையையே தூண்டும்போதும் ஏற்படும் சுருக்கங்களைத் தனித்தனியே பதிவு செய்வார்கள். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் தூண்டலைத் தடுக்கும் க்யூராரே சேர்த்தால், நரம்பைத் தூண்டும்போது வரும் சுருக்கம் மறையும், தசையையே தூண்டும்போது வருவது அப்படியே இருக்கும். தசையிலேயே செயல்படும் தளர்த்தியான டான்ட்ரோலீன் சேர்த்தாலோ தசையை நேரடியாகத் தூண்டினாலும் சுருக்கம் குறையும்.

சரிபார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. மருந்தியல் பாடநூலில் எலும்புத்தசைத் தளர்த்திகள் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தால், டயாசிபாம் மைய நரம்பு மண்டலம் வழியே செயல்படும் மருந்துகளிலும், டான்ட்ரோலீன் தசையில் நேரடியாகச் செயல்படுபவற்றிலும் இருப்பதைக் காணலாம்.