அக்ரஹார எங்களுக்கு, துண்டு அவர்களுக்கு

அரச உத்தியோகத்தர்களுக்கு மாதாமாதம் சம்பளத்தில் அக்ரஹார காப்புறுதிக்கென்று ஒரு சிறு தொகை வெட்டுப்படும். எனக்கும்தான். அந்தக் காசு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. நாங்களோ பிள்ளைகளோ வாட்டில் படுத்தெழும்பினால் பில்லையும் நோய் நிர்ணய அட்டையையும் படிவத்தோடு சேர்த்து அலுவலகத் தலைவரின் ஒப்பத்துடன் அனுப்ப வேண்டும். குறித்த வரம்புக்குள் காசு திரும்பி வரும். சுகமாய் இருப்பவர் கட்டியது வருத்தக்காரருக்கு உதவுகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன்.

ஆனால் மட்டக்களப்பின் வெல்லாவெளியில் வெள்ளாமை செய்பவருக்கும் வாவியில் வலை வீசுபவருக்கும் இப்படி ஒன்று ஏன் இல்லை?

"அவங்களுக்குத்தான் இலவச ஆஸ்பத்திரி இருக்கே" என்று எங்கள் அலுவலகங்களிலேயே சொல்கிறார்கள். யாருடைய காசில் இலவசம்? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். படுவான்கரைக் கடையில் சவர்க்காரம் வாங்குகிற கூலித் தொழிலாளியும் அதைக் கட்டித்தான் வாங்குகிறார். மாதச் சம்பளம் இல்லாததால் அவருடைய பங்கு ஒரு தாளிலும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இலவச மருத்துவத்தை நான் உயிராய் மதிக்கிறேன். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கி, 1977இல் அதையும் கைவிட்ட நாடு இது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பெரிய சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வருகிறவரிடம் யாரும் பில் நீட்டுவதில்லை.

ஏழைக் குடும்பத்தின் மடி காலியாவது கிளினிக்கில். சீனி, பிரஷர், சிறுநீரகம் என்று மாதாமாதம் வருகிறவர்களிடம், இல்லாத மருந்தையும் செய்ய முடியாத பரிசோதனையையும் வெளியே எடுக்கச் சொல்லி ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். 2022 தட்டுப்பாட்டில் இது எவ்வளவு மோசமாய் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியோடு ஒரு அம்மா பாமசியில் துண்டை நீட்டி விலை கேட்டார். கேட்டுவிட்டு, "ரெண்டு கிழமைக்கு மட்டும் தா மனே" என்றார். எழுதியிருந்தது ஒரு மாதத்துக்கு. மிச்ச இரண்டு கிழமையும் அவர் மருந்தில்லாமல் இருப்பார். பிறகு ஒருநாள் மயங்கி விழுந்தால் வாட்டில் வைத்து அதைவிடப் பல மடங்கு செலவழித்துப் பார்ப்பதும் இதே அரசாங்கம்தான்.

அக்ரஹாரவை அப்படியே அவருக்கும் கொடுத்தாலும் இது தீராது. அது பெரும்பாலும் வாட்டில் தங்கினால்தான் காசு தரும். முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்குகிற முறையும் அவருக்குச் சரிவராது, கட்டக் கையில் காசு வேண்டுமே. மாதக் கட்டணமும் முடியாது. அறுவடைக்குத்தான் காசைக் காண்கிற வீடுகள் அவை.

அதனால் நான் கேட்பது இதுதான். அரச கிளினிக்கில் எழுதிய துண்டைக் காட்டினால் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் மருந்து தரட்டும், காசை வரிப்பணத்திலிருந்து அரசாங்கம் கட்டட்டும். பரிசோதனைத் துண்டுகளை பிரதேச செயலகத்தில் பொறுப்பெடுக்கலாம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து அங்கேயே விண்ணப்பம் எடுக்கிறார்கள், அதற்கு முன்னர் கொழும்பைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம். மேசையும் ஆளும் ஏற்கெனவே இருக்கிறது.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் புதிய கட்டடம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இந்தத் துண்டைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களைத் தெரிந்தவர்கள் இதை அவர்களிடம் சேர்ப்பியுங்கள்.